பத்து வாரத்தில் ரத்தம் எடுத்தால் ஆணா பெண்ணா தெரியுமா? தெரியும், ஆனால் அது அதற்கான டெஸ்ட் இல்லை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு தங்கச்சி, வயது 29, இரண்டாவது பிள்ளை, இப்போது 10 வாரம். முதல் பிள்ளை பெண். தனியார் கிளினிக்கில் "என்ஐபிடி எடுக்கிறீர்களா, ஆணா பெண்ணா என்றும் தெரிந்துவிடும்" என்று கேட்டிருக்கிறார்கள். என்ஐபிடி என்றால் தாயின் ரத்தத்தை வைத்து வயிற்றுப் பிள்ளையின் குரோமோசோம்களைப் பார்க்கும் டெஸ்ட். விலை ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்). மாமியாருக்கு நாளைக்கே எடுத்தாக வேண்டும். சேலத்தில் இருக்கும் கணவரின் சித்தப்பாவோ போனில் "அதெல்லாம் ஜெயில் கேஸ்" என்று பயமுறுத்தியிருக்கிறார். எடுக்கலாமா, நம்பலாமா, குழந்தைக்கு ஆபத்து உண்டா, போலீஸ் வருமா?

நான் டாக்டர் இல்லை. பினாங்கில் 20 வருஷத்துக்கு மேல் பிரசவப் பிரிவிலும் ஸ்கேன் அறையிலும் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்தவள், இப்போது ஓய்வு. எந்த டெஸ்ட் எதற்கு என்று தாய்மார்களுக்கு உட்கார வைத்துச் சொல்வதுதான் கடைசி சில வருஷம் என் வேலையாகவே இருந்தது.

நேராகப் பதில் முதலில். எடுத்தால் தெரியும், 100க்கு 99 தடவை சரியாகவே இருக்கும். குழந்தைக்கு ஆபத்து எதுவும் இல்லை, உங்கள் கையிலிருந்து எடுக்கிற ரத்தம்தானே. மலேசியாவில் ஆணா பெண்ணா என்று டாக்டர் சொல்வதைத் தடுக்கும் சட்டம் கிடையாது. சித்தப்பா சொல்வது இந்தியச் சட்டம், அதற்குக் கீழே வருகிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது வேறு. அந்த டெஸ்ட் எதைப் பார்க்கிறது என்று உங்களுக்கு யாருமே சொன்ன மாதிரி தெரியவில்லை. ஆணா பெண்ணா என்பது அந்த ரிப்போர்ட்டில் கடைசி வரி. மேலே இருக்கிற வரிகளுக்குத்தான் அந்தக் காசு, நீங்கள் தயாராக வேண்டியதும் அதற்குத்தான்.

இந்த டெஸ்ட் பிறந்த கதை சுவாரசியமானது. டென்னிஸ் லோ என்ற ஹாங்காங் டாக்டர் 1990களில் ஆக்ஸ்ஃபர்டில் இருந்தபோது, கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையின் டிஎன்ஏ கிடைக்குமா என்று வருஷக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார். எல்லாரும் ரத்த அணுக்களுக்குள்ளே தேடினார்கள். அவர் அணுக்களை எடுத்துவிட்டு, வழக்கமாகக் கழித்துக்கட்டும் பிளாஸ்மா நீரை எடுத்து, அறையில் மீ (நூடுல்ஸ்) கொதிக்க வைக்கிற மாதிரி ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்துப் பார்த்தார். உள்ளே ஒய் குரோமோசோமின் துண்டுகள் மிதந்தன. பெண்ணின் உடம்பில் ஒய் இருக்க வழியில்லை, ஆகவே அது வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையுடையதாகத்தான் இருக்க வேண்டும். 1997ல் இது வெளியானது. ஆக, ஆண் பெண் அடையாளம் முதலில் இந்த டெஸ்ட்டுக்குக் கைவிளக்கு மாதிரிதான் உதவியது. 2011ல் டெஸ்ட் கடைக்கு வந்தபோது அதன் வேலை டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைகளைக் கண்டுபிடிப்பது. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால் டவுன் சிண்ட்ரோம். 18, 13 மூன்றாக இருந்தால் அதைவிடக் கடுமையான நிலைகள், பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை.

இன்னொன்று, பல டாக்டர்கள் அவசரத்தில் சொல்லாமல் விடுவது: ரத்தத்தில் மிதக்கும் அந்தத் துண்டுகள் குழந்தையிலிருந்து நேராக வருவதில்லை, நஞ்சுக்கொடியிலிருந்து வருகின்றன. குழந்தையும் நஞ்சுக்கொடியும் ஒரே கருவில் தொடங்கியவை என்பதால் பெரும்பாலும் ஒன்று போலத்தான் இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். சில சமயம் நஞ்சுக்கொடியில் மட்டும் குறை இருந்து குழந்தை நன்றாக இருக்கும். ரிப்போர்ட் தப்பாவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

10 வாரம் ஆகட்டும் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவில் நஞ்சுக்கொடியின் பங்கு அந்த நேரத்தில் சுமார் 10 சதவீதம். 4 சதவீதத்துக்குக் கீழே போனால் லேப் பொதுவாக நம்பிப் பதில் சொல்லாது. உடம்பு எடை அதிகமாக இருப்பவர்களுக்கு இந்தப் பங்கு குறைவாகத்தான் வரும், அதனால் "மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்" என்று கூப்பிட்டால் அலறிவிடாதீர்கள். முதல் பிள்ளையின் டிஎன்ஏ உள்ளே தங்கிக் குழப்பாதா என்றும் நிறைய பேர் கேட்பார்கள். குழப்பாது. பிரசவமான பிறகு மணிக்கணக்கில் கரைந்து போய்விடும்.

சரி, 99 சதவீதம் என்றால் மீதி ஒன்று? இரட்டைக் கரு தங்கி, ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்து போயிருந்தால், போனது ஆணாகவும் இருப்பது பெண்ணாகவும் இருந்தால், ரத்தம் ஆண் என்று சொல்லும். தாய்க்கு எப்போதாவது ஓர் ஆணிடமிருந்து சிறுநீரகமோ எலும்பு மஜ்ஜையோ மாற்றி வைத்திருந்தாலும் அதே குழப்பம். இரட்டைப் பிள்ளை என்றால் ஒய் இருக்கிறதா என்று மட்டும் பெரும்பாலும் சொல்வார்கள். இருந்தால் குறைந்தது ஒரு பிள்ளை பையன், இல்லாவிட்டால் இரண்டும் பெண்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருகிறேன், இதை உங்கள் கணவரையும் கூட உட்கார வைத்துப் படியுங்கள். "99 சதவீதம் துல்லியம்" என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். உங்கள் வயதுள்ள 10,000 தாய்மார்கள் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் ஏறக்குறைய 12 பேரின் கருவில் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். டெஸ்ட் அநேகமாக அந்த 12 பேரையும் பிடித்துவிடும், அந்த விஷயத்தில் அது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான டெஸ்ட். ஆனால் மீதிப் பேரில் ஆயிரத்துக்கு ஒருவர் வீதம், அதாவது 10 பேருக்கு, ஒன்றும் இல்லாமலே "அதிக அபாயம்" என்று வரும். ஆக, பயமுறுத்தும் ரிப்போர்ட் கையில் இருக்கும் 22 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் குழந்தை நன்றாக இருக்கிறது. அதே டெஸ்ட்டை 40 வயதுப் பெண்கள் 10,000 பேர் எடுத்தால் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு உண்மையிலேயே இருக்கும், பொய்யாக வருவது அதே 10தான். அவர்களுக்கு ரிப்போர்ட் சொன்னால் அநேகமாகச் சரி. ஒரே டெஸ்ட், ஒரே இயந்திரம், வயது மாறினால் அர்த்தம் மாறுகிறது. இதைக் கிளினிக் கவுண்டரில் ஐந்து நிமிஷத்தில் யார் விளக்குகிறார்கள்?

இன்னும் மோசம், கூடுதல் காசு வாங்கிக்கொண்டு சேர்த்து விற்கும் "மைக்ரோ டெலிஷன்" பட்டியல். குரோமோசோமில் சின்னத் துண்டு விடுபட்டுப் போகும் அரிய நோய்கள் இவை. அரிய நோய் என்றாலே மேலே சொன்ன கணக்குப்படி பொய்யான பயம் அதிகமாகத்தான் வரும். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே இந்த வகை டெஸ்ட்டுகளை வைத்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. குடும்பத்தில் காரணம் எதுவும் இல்லை என்றால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் பெரிய பேக்கேஜுக்குக் காசு கொடுக்க மாட்டேன்.

"அதிக அபாயம்" என்று வந்தால் அடுத்த படி ஊசி. 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சின்ன சதை எடுப்பார்கள், அல்லது 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுப்பார்கள். உறுதியான பதில் அங்கேதான். கர்ப்பம் கலைந்துவிடும் அபாயம் 100க்கு ஒன்று என்று முன்பு சொல்வோம், பழக்கப்பட்ட கைகளில் இப்போது அதைவிட நன்றாகவே குறைவு.

ஸ்கேன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 12 வாரத்தில் ஸ்கேன் பார்த்துச் சொல்லட்டுமே என்று மாமியார் அடுத்து கேட்பார், அதனால் சொல்கிறேன். கிட்டத்தட்ட 11 வாரம் வரைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த இடத்தில் ஒரே மாதிரி ஒரு சின்ன மொட்டுதான் இருக்கும். அது மேல்நோக்கி நிமிர்ந்திருக்கிறதா, முதுகெலும்புக்கு இணையாகப் படுத்திருக்கிறதா என்று கோணம் பார்த்துச் சொல்வார்கள். 11 வாரத்தில் 10க்கு 3 தப்பாகும். 13 வாரம் தாண்டினால் பழகிய கண்ணுக்கு அநேகமாகச் சரி. 18 முதல் 22 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் விரிவான ஸ்கேனில் தெளிவாகத் தெரியும், பிள்ளை ஒத்துழைத்தால். பெண் என்றால் மூன்று கோடு, அதை ஹம்பர்கர் என்பார்கள். பையன் என்றால் ஆமை ஓட்டுக்கு வெளியே தலையை நீட்டுகிற மாதிரி. காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு, தொப்புள்கொடி இரண்டு காலுக்கு நடுவில் வந்து "பையன்" வேஷம் போடுவதும் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஓர் அம்மாவுக்குப் பெண் என்று சொல்லிவிட்டார்கள், லெபோ பசார் கடைத்தெருவில் குட்டிப் பாவாடை சட்டை எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டார், பிறந்தது பையன். அந்தப் பாட்டி எங்களை ஒரு வாரம் திட்டினார். சிரித்துக்கொண்டேதான்.

வயிறு கூர்மையாக இருந்தால் பையன், இனிப்பு கேட்டால் பெண், நூலில் மோதிரம் கட்டி ஆட்டுவது, இதயம் 140க்கு மேல் துடித்தால் பெண், அப்புறம் அந்தச் சீன நாட்காட்டி அட்டவணை, இதெல்லாம் காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். ஒரே ஒரு பாட்டி வைத்தியப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: மருத்துவமனையில் சேர்க்கிற அளவுக்கு வாந்தி முற்றிய தாய்மார்களைப் பற்றி ஸ்வீடனில் செய்து 1999ல் வந்த ஆய்வில் 100க்கு சுமார் 56 பேருக்குப் பெண் பிறந்திருந்தது. சாதாரணமாக 49. அவ்வளவுதான் வித்தியாசம், அதை வைத்துப் பாவாடை வாங்க வேண்டாம்.

இனிச் சித்தப்பா. அவர் பொய் சொல்லவில்லை. இந்தியாவில் பனிக்குட நீர் எடுக்கும் முறை 1970களில் குறை கண்டுபிடிக்கத்தான் வந்தது, கொஞ்ச நாளிலேயே பெண் என்றால் கலைக்கும் வேலைக்குப் போய்விட்டது. பிறகு ஸ்கேன் இயந்திரம் ஊர் ஊராக வந்தது. 1994ல் சட்டம் போட்டார்கள், 1996ல் நடைமுறைக்கு வந்தது, 2003ல் இன்னும் இறுக்கினார்கள். அங்கே எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் "கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம்" என்று பலகை இருக்கும். கர்ப்பிணி "எனக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை" என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சொல்கிற டாக்டருக்கு மூன்று வருஷம் வரை சிறை, கேட்கிற குடும்பத்துக்கும் தண்டனை உண்டு. அந்தப் பெண் விஷயத்தில் மட்டும், கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் அவள் வந்தாள் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது. உங்கள் சித்தப்பாவின் ஊரான சேலத்தில்தான் 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார்கள், பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், வேண்டாம் என்றால் அரசாங்கத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று. அந்த மண்ணில் இருந்துகொண்டு அவர் பயப்படுவது நியாயம்தான். நீங்கள் வயிற்றுப் பிள்ளையோடு தமிழ்நாட்டுக்குப் போய் அங்கே ஸ்கேன் எடுத்தால் அந்தச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும், கேட்டுச் சங்கடப்படாதீர்கள்.

இங்கே அப்படி இல்லை. கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கக் கிளினிக்கில்கூட நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே "லெலாக்கியா பெரெம்புவானா (ஆணா பெண்ணா) தெரிய வேண்டுமா" என்று கேட்பார்கள். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, தெரிந்த பிறகு செய்வது வேறு. மலேசியத் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில் 1989ல் செய்த திருத்தத்தின்படி, கர்ப்பத்தைத் தொடர்வது தாயின் உயிருக்கோ உடல் நலத்துக்கோ மன நலத்துக்கோ கலைப்பதைவிட அதிக ஆபத்து என்று பதிவு பெற்ற டாக்டர் நல்லெண்ணத்தோடு முடிவு செய்தால்தான் கலைக்கலாம். பெண் பிள்ளை என்பது காரணமே ஆகாது. குழந்தைக்குக் குறை என்பதும் தனிக் காரணமாக எழுதப்படவில்லை, தாயின் நிலையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டின் மேல் வரிகளைப் பற்றி முதலில் பேசிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சோதனைக் குழாய்க் கருவில் ஆண் கருவாகப் பொறுக்கி வைக்கச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். மலேசிய மருத்துவ மன்றத்தின் நெறிமுறை, பரம்பரை நோய்க் காரணம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்கிறது.

பரம்பரை நோய் என்றேனே, அங்கேதான் ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு மருத்துவத்தில் உண்மையான இடம் இருக்கிறது. ரத்தம் உறையாத ஹீமோபிலியா, தசைகள் கரைந்துகொண்டே போகும் டூஷேன், இவை தாய் வழியாகப் பெரும்பாலும் பையன்களைத் தாக்கும். உங்கள் அண்ணன் தம்பிக்கோ தாய்மாமனுக்கோ அப்படி ஏதும் இருந்திருந்தால் டாக்டரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். அப்போது ஆணா பெண்ணா என்று பார்ப்பது அடுத்த டெஸ்ட் தேவையா என்று முடிவு செய்ய உதவும்.

மாமியாரைப் பற்றி எழுதாமல் விட்டால் உங்களுக்குப் பாதிப் பதில்தான். நான் பார்த்தவரைக்கும் பெரும்பாலான மாமியார்களுக்கு வெறும் ஆவல்தான், தங்கம் எடுக்கலாமா கொலுசு எடுக்கலாமா என்ற கணக்கு. ஆனால் ஸ்கேன் அறைக்கு வெளியே, மூன்றாவதும் பெண் என்றதும் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து காருக்குப் போன அம்மாவையும் பார்த்திருக்கிறேன். அந்த மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு "நான் என்ன அக்கா பண்ணுவேன்" என்றாள். அவள் பண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. தாயிடம் இருப்பது எக்ஸ் மட்டும், ஒய்யைக் கொடுப்பதோ கொடுக்காமல் விடுவதோ தகப்பனின் விந்து. 1905ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாவுப்புழுக்களை வைத்துக் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது, 100 வருஷம் தாண்டியும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. உங்கள் மாமியார் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது ரகம் என்றால், ரத்தம் எடுக்கும்போதே படிவத்தில் "பாலினம் சொல்ல வேண்டாம்" என்று குறித்துவிடலாம், லேப் அதை மறைத்து அனுப்பும். நீங்களும் கணவரும் மட்டும் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வதும் ஒரு வழி, ஆனால் கணவருக்கு அம்மாவிடம் ரகசியம் தங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை இதுதான். ஆணா பெண்ணா தெரிய மட்டும் என்றால் ஆயிரம் வெள்ளி கொடுக்காதீர்கள். இன்னும் 10 வாரத்தில் எப்படியும் எடுக்க வேண்டிய ஸ்கேனில் தெரிந்துவிடும், வளைகாப்புக்கு அப்புறமும் நாள் இருக்கும். டவுன் சிண்ட்ரோம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் தாராளமாக எடுங்கள், வசதி இருந்தால் நல்ல டெஸ்ட்தான். ஆனால் ரத்தம் கொடுப்பதற்கு முந்தின நாள் ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்: அதிக அபாயம் என்று வந்தால் ஊசி போட்டு உறுதி செய்வோமா, உறுதியானால் என்ன செய்வோம், ஒன்றும் செய்ய மாட்டோம் என்றாலும் முன்கூட்டியே தெரிவது நமக்கு நிம்மதியா வேதனையா. வசதி இல்லை என்றால் 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் கழுத்துப் பின்பக்க நீரை ஸ்கேனில் அளந்து, ஒரு ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துக் கணக்குப் போடும் பழைய முறை இருக்கிறது. 10ல் 8 அல்லது 9 டவுன் குழந்தைகளை அது பிடிக்கும், செலவு குறைவு. அந்த வாரம் தாண்டினால் அளக்க முடியாது, அதனால் இப்போதே தேதி வாங்குங்கள்.

அதற்குள் உங்கள் கர்ப்பகாலச் செக்கப்பை எழுதி வைக்கும் பிங்க் புத்தகத்தை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்த நோய். உங்களுக்கு ஹீமோகுளோபின் குறைவு என்று எழுதியிருந்தால் இரும்பு மாத்திரையோடு விட்டுவிடாமல் தலசீமியா பார்த்தார்களா என்று கேளுங்கள், நீங்கள் கேரியர் (நோய் இல்லாமலே அதன் மரபணுவைச் சுமப்பவர்) என்றால் கணவரும் ரத்தம் கொடுத்தே ஆக வேண்டும், இரண்டு பேரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இந்த என்ஐபிடி வழக்கமாக இதைப் பார்ப்பதில்லை, ரிப்போர்ட் சுத்தமாக வந்தாலும் தலசீமியா உள்ளே இருக்கலாம். இரண்டு, ரத்த வகை. நெகட்டிவ் வகை மலாய்க்காரர், சீனர்களைவிட நம்மவர்களிடம் அதிகம். உங்களுடையது நெகட்டிவ் என்றால் முதல் பிரசவத்துக்குப் பிறகு ஆன்டி-டி என்ற ஊசி போட்டார்களா என்று பழைய புத்தகத்தில் தேடி எடுத்து அடுத்த செக்கப்புக்குக் கையோடு கொண்டு போங்கள். சர்க்கரை நோய் பார்க்கும் சீனித் தண்ணீர் டெஸ்ட்டுக்கும் தேதி கொடுப்பார்கள், வெறும் வயிற்றோடு போகணும், கூட ஒரு புளிப்பு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், டெஸ்ட் முடிந்த பிறகு வாய்க்கு.